தலைப்பிரசவம் நடந்த ஊர்

ஆரோக்கியபுரம்,
பாப்பாரப்பட்டி வழி,
தருமபுரி மாவட்டம்.
3-2-1986

அன்பு மகள் ராஜமேரிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, தட்டுத் தட்டாகப் பட்டுப்புழுக்கள், எல்லோரும் சுகம். இதில் வயிறாரச் சாப்பிடுவது புழுக்கள் மட்டும்தான். இலை பறித்துப் போட்டே எங்கள் இருவருக்கும் இடுப்பு கழன்றுவிட்டது.

பேரன் ஜெரோமின் போட்டோ வந்து சேர்ந்தது. உன் அம்மா விளக்கடியில் வைத்துப் பார்த்து, மூக்கு நம் பக்கம் என்றாள். நெற்றி மாப்பிள்ளை பக்கம் என்றாள். என் ஜாடை ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். குழந்தையின் மொட்டைத் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

உன் பாஸ்போர்ட்டில் குழந்தை பேரைச் சேர்க்கவும், பிறகு மாப்பிள்ளையின் பேரில் அவனுக்கு விசா வாங்கவும் கல்யாண சர்ட்டிபிகேட் வேண்டும் என்று எழுதியிருந்தாய். மறுநாளே மாதா கோயில் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கோயில் புத்தகத்தைப் பார்த்து இங்கிலீஷில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். தருமபுரிக்குப் போய் வக்கீலிடம் இன்னொரு முத்திரையும் வாங்கிவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நான் சவரிராயன் இல்லையே. எட்டாவது படித்தவன் எட்டையும் யோசிக்க வேண்டாமா? ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சர்ட்டிபிகேட் அரபியில் இருக்கும், அதை நம் கவர்மெண்டில் யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நம் வி.ஏ.ஓ. தர்மன் பிறப்பு இறப்புக் கணக்கு எடுக்க வீட்டுக்கு வந்தார். "பேரன் பொறந்திருக்கானாமே, எங்க?" என்று கேட்டார். "வூட்லதான்" என்று சொல்லியாயிற்று. தலைப்பிரசவம் பெண்ணின் தாய் வீட்டில்தானே நடக்கும், அதனால் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மருத்துவச்சி ராமக்காள் கைநாட்டு வைத்தாள், நான் கையெழுத்துப் போட்டேன். அதையும் இங்கிலீஷில் டைப் அடித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு காகிதமாக இருந்தால் எந்த ஆபீசரும் மறுக்க மாட்டார்.

ஏழாம் மாதமே வந்துவிடுவாய் என்று உன் அம்மா உள்ளறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தாள். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று நீ எழுதியதில் தப்பில்லை. ஆனால் அந்த அறையில் புழுத் தட்டு அடுக்கலாம் என்றால் இன்னும் விட மாட்டேன் என்கிறாள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பேரனுக்கு முத்தம்.

உன் அப்பா,
சவரிராயன்

மஸ்கட்
24-2-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மற்றதைக் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கவரை இவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரிப்பேருக்கு வந்த ஒரு ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்க்கிற மனுஷன், "மாமா அனுப்பிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று அப்படியே கொண்டுபோய் விசா ஆபீசில் கொடுத்துவிட்டார். அங்கே ஒரு பெரியவர் இரண்டு பிறப்புச் சர்ட்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம். ஒரே பேர், ஒரே தேதி, இரண்டு ஊர். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். இந்தியாவில் பிறந்தவன் என்றால் விசா இல்லாமல் இங்கே எப்படி வந்தான்? இங்கே பிறந்தவன் என்றால் அங்கே பிறந்த குழந்தை யாருடையது? இவர் வேர்த்துப்போய் வந்து நின்றார்.

அப்பா, நான் பெற்ற பிள்ளையை நான் பெற்றேன் என்று நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவும் போதவில்லை. நம் ஊரில் எழுதின பதிவு தவறு, அதை ரத்து செய்தாகிவிட்டது என்று அரசாங்க முத்திரையோடு காகிதம் வர வேண்டுமாம். மே மாதம் முடிவதற்குள் அது வராவிட்டால் குழந்தைக்கு விசா கிடையாது. அவன் கிளம்பினால் நானும் கிளம்ப வேண்டும். நான் கிளம்பினால் இந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். இவர் மட்டும் இங்கே ஏழு பேரோடு ஓர் அறையில் கிடப்பார். ஜெரோம் அப்பாவைப் போட்டோவில் பார்த்து வளர்வான்.

இந்த ஒரு காகிதத்தை வாங்கி அனுப்புங்கள். இதைத் தவிர இனிமேல் எங்களுக்காக நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம் அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்,
ராஜமேரி

ஆரோக்கியபுரம்
16-3-1986

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் என்னைத் திட்டுகிறாய் என்று புரிந்தது. இரண்டாம் தரம் எவ்வளவு குறைவாகத் திட்டியிருக்கிறாய் என்று புரிந்தது. உலகத்தில் ஒரு குழந்தையை இரண்டு தரம் பிறக்க வைத்த தாத்தா நான் ஒருவன்தான் இருப்பேன்.

நேராகத் தர்மன் வீட்டுக்குப் போனேன். அவர் பாவம், கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டார். வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகிறது, பொய்ப் பதிவு என்று தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும் என்றார். எழுதினதை அவராக அடிக்க முடியாதாம். தாசில்தார் விசாரித்து உத்தரவு போட வேண்டும். ராமக்காளிடமும் போனேன். அவள் பயப்படவே இல்லை. "கொழந்த பொறந்துச்சா இல்லியா? பொறந்துச்சில்ல? அப்புறம் என்னாங்க?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல என் எட்டாவது போதவில்லை.

பிறகு மனு எழுத ஆள் தேடிப் போனேன். தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் குப்புராஜ் என்று ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அடித்தல் திருத்தல் என்று போனால் விசாரணை, வாக்குமூலம், நானே பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், கேஸ்கூடப் போடலாம் என்றார். அப்புறம் குனிந்து மெதுவாக, "பொறந்தத எடுக்கறதுதாங்க கஷ்டம். ரெண்டாம் மாசம் சளி கட்டிச் செத்துப்போச்சுன்னு இன்னொரு வரி எழுதிட்டா கணக்கு தானா முடிஞ்சிரும்" என்றார்.

நல்ல மனுஷன்தான், உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். பாப்பாரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. அங்கேயே கிடக்கட்டும்.

வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றாள். அவர் சொன்னதற்கு நான் கொப்பளித்தேன்.

மறுநாள் இலை நறுக்கும்போது, "காகிதமும் வேணாம் ஒண்ணும் வேணாம், அம்மாவும் புள்ளையும் இங்கியே வரட்டும்" என்றாள். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் அந்த ஆசை எட்டிப் பார்த்தது. பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மே கடைசியில் பேரன் என் மடியில் இருப்பான். நானும் மனு கொடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீ நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வந்து வெள்ளை உடுப்பை அம்மாவுக்கு உடுத்திக் காட்டியது ஞாபகம் வந்தது. அத்தோடு அந்த ஆசையைப் புழு எச்சத்தோடு கூட்டி வெளியே தள்ளிவிட்டேன்.

மனுவை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறான தகவல் தந்தது நான், தண்டனை இருந்தால் எனக்கு, என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். பெரியவர்கள் எழுதுகிற மாதிரி இருந்தது, எனக்கே கொஞ்சம் பெருமை.

இன்னொன்று. அம்மாவுக்கு எழுதும்போது இதைப் பற்றிக் கேட்காதே. என்னையே திட்டு. பழக்கமானவன்.

உன் அப்பா,
சவரிராயன்

மஸ்கட்
7-4-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்னும் விசாரணைக்குக் கூப்பிடவில்லையா? நாள் போகிறது. இவர் ஆபீசுக்குப் போய்க் காத்திருந்து, கேட்டிருக்கிறோம் வரும், கேட்டிருக்கிறோம் வரும் என்று சொல்லிவிட்டு வருகிறார். நான் ஒரு பெட்டியில் ஜெரோமின் துணிகளை எடுத்து வைத்தேன். இவர் பார்த்துவிட்டு மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தார். மறுநாள் நான் எடுத்து வைத்தேன். இப்படியே நடக்கிறது.

குழந்தை குப்புற விழப் பார்க்கிறான். பாதி புரண்டு, முடியாமல், எங்களைத் திட்டுகிறான்.

எனக்கு ஒன்று புரியவில்லை அப்பா. பட்டுக்கூடு ஏலத்தில் ஈரக்கூட்டை ஈரக்கூடு என்று நீங்களே சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டு வருவீர்கள் என்று அம்மா எவ்வளவு தரம் சண்டை போட்டிருக்கிறாள்? அப்படிப்பட்ட நீங்கள் பிறக்காத இடத்தில் பிறந்தான் என்று எப்படிச் சொன்னீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. ராத்திரி டியூட்டியில் யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை.

உங்கள் மகள்,
ராஜமேரி

ஆரோக்கியபுரம்
10-5-1986

அன்பு மகளுக்கு,

முதலில் விஷயம்: காகிதம் கிடைத்துவிட்டது. இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. மாப்பிள்ளையைப் பிரித்துப் பார்க்கச் சொல்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். என்னை, தர்மனை, ராமக்காளை. உன் அம்மாவைக் கூப்பிடவில்லை. நானும் வர வேண்டாம் என்றேன். துணைக்கு வருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தாசில்தார் வயசானவர், கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. என் மனுவைப் படித்துவிட்டு, இது யார் எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். "எழுத்து நல்லாருக்கு, விஷயம்தான் சரியில்ல" என்றார். தர்மனைப் பார்த்து, தாய் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். தர்மன் தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், வெளிநாட்டில் பிறந்த குழந்தையை இங்கே பிறந்ததாகச் சொன்னது நீதானா என்று கேட்டார்.

நான்தானுங்க என்றேன்.

அப்போது கதவண்டை சத்தம் கேட்டது. பியூன் தடுத்தும் உன் அம்மா உள்ளே வந்து நிற்கிறாள்.

"அவரு சொல்லலீங்க. நான் சொன்னேனுங்க. அவரு தோட்டத்துல இருந்தாரு. வந்ததும் கையெழுத்துப் போடுங்கன்னு நான்தான் போட வெச்சேன்."

அவள் சொன்னது நிஜம், மகளே. நான் வந்தபோது தர்மன் எழுதி முடித்துவிட்டார். அடிக்கச் சொல்லியிருக்கலாம். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், போட்டுவிட்டேன். அரபிக் காகிதம் யார் படிப்பார்கள் என்ற யோசனையெல்லாம் கையெழுத்துக்குப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டார்.

"தலைப்பிரசவம் எங்கன்னு கேட்டாருங்க. எம் பொண்ணுக்கு அம்மா நான் உசுரோட இருக்கறப்ப வேற எங்கன்னு சொல்றதுங்க?"

ராமக்காள் அதானே என்றாள்.

தாசில்தார் கொஞ்ச நேரம் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். அடுக்கியே இருந்ததை மறுபடி அடுக்கினார். பிறகு, "சரிம்மா. இப்ப உள்ளதச் சொல்லு, எழுதிக்கறேன். கொழந்த எங்க பொறந்துச்சு?" என்றார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் உதவி செய்யவில்லை. செய்ய முடியவில்லை.

"மஸ்கட்டுலீங்க."

"நீ கூட இருந்தியா?"

"இல்லீங்க. நான் இல்லீங்க."

அதை எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதி, முத்திரை வைத்தார்கள். தர்மனுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. எனக்குத் தண்டனை இல்லை. பஸ்ஸில் உன் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊர் வருகிறவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசிப் பார்த்தேன். என் ஜோக்குகள் ஒன்றும் எடுபடவில்லை. அது புதிதில்லை, ஆனால் வழக்கமாகத் திட்டவாவது செய்வாள்.

நீ அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளுக்காகக் கேட்கிறேன்.

உன் அப்பா,
சவரிராயன்

மஸ்கட்
12-6-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

விசா கிடைத்துவிட்டது. அந்தப் பெரியவர் நீங்கள் அனுப்பிய காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முத்திரை குத்திவிட்டு, குழந்தையின் பாட்டி நலமா என்று விசாரித்தாராம். பெட்டியை இவர் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நான் எழுதினதெல்லாம் தப்பு அப்பா. மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் எழுதுவது அம்மாவுக்கு. நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கூச்சப்பட்டு ஒரு வரியையும் தாண்டாதீர்கள்.

அம்மா,

குழந்தை பிறந்தான், நலம், எடை இவ்வளவு என்று தந்தி மாதிரி எழுதினேனே தவிர உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஊருக்கு வரவில்லை என்பதைவிட உனக்குச் சொல்லாததுதான் பெரிய தப்பு. இப்போது சொல்கிறேன்.

அன்றைக்கும் வேலைக்குத்தான் போயிருந்தேன். ஒரு கிழவிக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்துவிட்டது. அந்தக் கிழவிதான் மணி அடித்து ஆளைக் கூப்பிட்டாள். பிரசவ அறைக்கு நானே நடந்து போனேன். வலி விட்டு விட்டு வந்தது, விடியும்வரை இழுத்தது. எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன், எத்தனை பேரைச் சத்தம் போடாதே என்று அதட்டியிருக்கிறேன். என் முறை வந்ததும் உன்னைக் கூப்பிட்டுக் கத்தின கத்தல் வராந்தாவில் நின்ற இவருக்குக் கேட்டதாம். பிரசவம் பார்த்தவள் சூடான் நாட்டுக்காரி, உன் வயசு இருப்பாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளும் என்னோடு சேர்ந்து அம்மா, அம்மா என்றாள். அர்த்தம் தெரிந்து சொன்னாளா தெரியாது.

கொடி கழுத்தில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. இதை உங்களுக்கு எழுதாமல் மறைத்தேன். அவன் அழவில்லை, அம்மா. நீலமாக இருந்தான். அவள் விரலால் கொடியை எடுத்துவிட்டு, குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள். எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோய், உன் முந்தானை எங்கே என்று தேடினேன். அப்புறம் அழுதான். அந்தப் பொம்பளையும் அழுதாள்.

சாப்பிடப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். வயிறு கட்ட யாரும் இல்லை. என் பழைய புடவையைக் கிழித்து நானே கட்டிக்கொண்டேன், நீ பெரியம்மாவுக்குக் கட்டினதைப் பார்த்த ஞாபகத்தில். சரியாகக் கட்டினேனா தெரியவில்லை.

இன்னும் என்ன கேட்க வேண்டுமோ கேள். எல்லாம் எழுதுகிறேன்.

உன் மகள்,
ராஜமேரி

ஆரோக்கியபுரம்
6-7-1986

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பனிக்குடம் என்ற இடத்தில் இரண்டு வரியை விழுங்கிப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவள் என்று பேர், "நடுவுல எதையோ முழுங்கிட்டீங்க, திரும்பி வாங்க" என்றாள். கொடி சுற்றின இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். வந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். மூன்று தரம் ஆயிற்று. இப்போது எனக்கே ஒரு பிரசவம் பார்க்கிற அளவுக்குத் தைரியம் வந்திருக்கிறது. ராமக்காள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வயிற்றை இறுக்கிக் கட்டினாயா, முடிச்சு எந்தப் பக்கம் போட்டாய், சொல்லச் சொல்கிறாள். இப்போது கட்டினாலும் பலன் உண்டாம். பூண்டும் கருப்பட்டியும் போட்டு ஒரு மருந்து கிண்டி வைத்திருக்கிறாள், மஸ்கட்டிலிருந்து லீவுக்கு ஏரியூர் வந்திருக்கும் பையன் கிளம்பும்போது கொடுத்தனுப்புகிறோம். டப்பா ஒழுகினால் என்னைத் திட்டாதே, மூடினவள் அவள்.

நேற்று இலை பறிக்க நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். நான் பக்கத்து வரிசையில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி, தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு வரலியாமே என்று ஆரம்பித்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாளே என்று நான் கயிற்றை விட்டுவிட்டேன். உன் அம்மா இலையை நிறுத்தாமல் பறித்துக்கொண்டே சொன்னாள். மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரி, விடியிற நேரம், வெளியே நல்ல மழை, கொடி கழுத்தைச் சுத்திக்கிச்சு, புள்ள நீலம் பாரிச்சுப் போச்சு, முதுகைத் தேய்ச்சதும் பாரு ஒரு அழுகை. சொல்லச் சொல்ல அவள் கையே முதுகைத் தேய்க்கிற மாதிரி இலை மேல் போயிற்று. பெண்கள் எல்லோரும் பறிப்பதை விட்டுவிட்டு நின்றார்கள்.

அவர்கள் போனபிறகு, "மழை பேஞ்சதா பொண்ணு எழுதலியே" என்றேன்.

"பேஞ்சுது" என்றாள்.

"நீ என்னமோ பக்கத்துல இருந்த மாதிரி சொல்றியே?"

"பின்ன யாரு இருந்தாங்களாம்?" என்றாள்.

உன் அப்பா,
சவரிராயன்